எழுபத்தெட்டாயிரம் யாருடைய கூரைக்கு?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கோலியனூரில் என் வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகள் ஏறி ஓராண்டுக்கு மேலாகிறது. 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அமைத்தேன். மூன்று கிலோவாட் திறன். பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. கத்திரி வெயிலில் இரண்டு குளிர்சாதனக் கருவிகள் ஓடிய மாதங்களில்கூட மின்கட்டணம் என்னை அச்சுறுத்தவில்லை. நல்ல திட்டம்தான், பயன்பெற்றவன் நான். ஆனால், இதே மானியம் இல்லாதிருந்தாலும் ஓய்வுக்காலப் பணப்பயனில் ஒரு பகுதியை எடுத்து இந்த வேலையைச் செய்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தகடுகள் பொருத்தப்பட்ட சில வாரங்களில், அடுத்த தெருவில் தையல் தொழில் செய்துவரும் பெண்மணி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கணவர் இல்லை, மோட்டார் வைத்த தையல் இயந்திரம் ஒன்றும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும்தான் அவரது உலகம். “சார், இந்த சோலார் போட்டா கரண்டு பில்லே வராதாமே? பணமும் கவர்மெண்டே குடுக்குதாமே? எங்க வீட்டுக்கும் போட்டுக்கலாமா?” என்று கேட்டார். கையோடு மின்கணக்கு அட்டையையும் எடுத்து வந்திருந்தார். இரண்டு மாதங்களுக்குச் சராசரியாக 180 யூனிட். கட்டணம் 188 ரூபாய்.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முடிவில், “இப்போதைக்கு உங்களுக்கு இது கட்டாதும்மா” என்று சொல்லி அனுப்பினேன். கணக்கு சரிதான். ஆனால், மாதந்தோறும் ஓய்வூதியம் வாங்கும் எனக்குப் பொதுப்பணத்திலிருந்து 78,000 ரூபாய், ஊசி நூலில் பிழைக்கும் அவருக்கு ஒன்றுமில்லை என்ற விடையைத் தந்த கணக்கு அது. அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதன் விரிவுரைதான்.

திட்டம் சொல்வது என்ன?

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டு, அம்மாத இறுதியில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற இத்திட்டத்தின் மதிப்பீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் என்பது இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். மூன்றுக்கு மேல் எத்தனை கிலோவாட் அமைத்தாலும் 78,000 ரூபாய்தான் உச்சம். இந்த உச்சவரம்பு பாராட்டத்தக்கது. மாளிகை வீட்டுக்காரர் பத்து கிலோவாட் அமைத்தாலும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் பெற முடியாது.

மானியத் தொகை முன்கூட்டியே வருவதில்லை. இணையதளத்தில் பதிவுசெய்து, பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தகடுகளைப் பொருத்தி, மின்வாரியத்தார் வந்து ஆய்வுசெய்து இருவழி மீட்டர் மாட்டிய பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையையும் வீட்டுக்காரர் தாங்க வேண்டும். அல்லது வங்கியில் கடன் வாங்க வேண்டும். பிணையில்லாமல் குறைந்த வட்டியில் கடன் தர ஏற்பாடு உண்டு. ஆனாலும் மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும், கூரையின்மீது உரிமை இருக்க வேண்டும், வங்கி கேட்கும் கடன் வரலாறு இருக்க வேண்டும். தையல்காரப் பெண்மணியின் மின் இணைப்பு காலமான மாமனார் பெயரிலேயே இன்னும் இருக்கிறது. நம் ஊர்களில் இப்படி இருக்கும் வீடுகள் ஒன்றிரண்டல்ல.

மின்சாரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் தகடுகள் தரும் மின்சாரத்தில் வீட்டுக்குத் தேவையானது போக மீதி மின்வாரியத்தின் கம்பிக்குச் செல்கிறது. இரவில் நமக்கு வேண்டியதைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும். கழித்துப் பார்த்து மிஞ்சும் நிகர யூனிட்டுக்கே கட்டணம். நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வீடுகள், மூன்று விடைகள்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக உயர்வது. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய், பிறகு 6.30, 8.40, 9.45, 10.50 என ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11.55 ரூபாயில் நிற்கிறது.

ஒரு கிலோவாட் அமைப்புக்கு 70,000 ரூபாய், மூன்று கிலோவாட் அமைப்புக்கு 2 லட்சம் ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக முன்னதற்கு 40,000 ரூபாயும், பின்னதற்கு 1,22,000 ரூபாயும் வீட்டுக்காரர் கையிலிருந்து போட வேண்டும். பராமரிப்பு, வட்டி, பிற கட்டணங்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எளிய கணக்காகவே பார்ப்போம்.

முதல் வீடு தையல்காரப் பெண்மணியுடையது. 180 யூனிட், கட்டணம் 188 ரூபாய். ஒரு கிலோவாட் அமைத்தால் இந்த 188 ரூபாய் முழுவதும் மிச்சம். ஆண்டுக்கு ஆறு முறை கட்டணம். ஆக 1,128 ரூபாய். போட்ட 40,000 ரூபாய் திரும்ப 35 ஆண்டுகள் ஆகும். தகடுகளின் ஆயுளே 25 ஆண்டுகள்தான்.

இரண்டாவது, விழுப்புரத்தில் வேலைபார்க்கும் எழுத்தர் ஒருவரின் வீடு என்று கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி, மோட்டார், இரண்டு மூன்று மின்விசிறிகள். 400 யூனிட், கட்டணம் 1,175 ரூபாய். ஒரு கிலோவாட் அமைத்தால் நிகரப் பயன்பாடு 160 யூனிட்டாகக் குறைந்து, கட்டணம் 141 ரூபாயாகிவிடும். ஆண்டுக்கு 6,204 ரூபாய் மிச்சம். ஆறரை ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். மோசமில்லை; ஆனால், பெண்ணின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் இடையில் அந்த 70,000 ரூபாயை முதலில் புரட்ட வேண்டும்.

மூன்றாவது, குளிர்சாதனக் கருவிகள் ஓடும் என் வீடு போன்றது. 900 யூனிட், கட்டணம் 5,820 ரூபாய். மூன்று கிலோவாட் அமைத்தால் 720 யூனிட் கழிந்து, மிஞ்சுவது 180 யூனிட். கட்டணம் 188 ரூபாய்! ஆண்டுக்கு 33,792 ரூபாய் மிச்சம். மூன்றரை ஆண்டுகளைச் சற்றே தாண்டியதும் முதல் திரும்பிவிடுகிறது. மீதி இருபத்தோரு ஆண்டுகள் ஆதாயம்.

ஒரே வெயில், ஒரே ஊர், ஒரே திட்டம். விடைகள் மட்டும் 35, ஆறரை, மூன்றரை. மானியத்தின் அளவைக் காட்டிலும் மின்கட்டண அடுக்குதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. ஏழை வீட்டுக்கு மலிவான மின்சாரம் கொடுத்திருப்பது நியாயமான சமூகக் கொள்கை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அந்த மலிவு விலையே சூரிய மின்சாரத்தை அவருக்குப் பயனற்றதாக ஆக்கிவிடுகிறது. உயர் அடுக்குக் கட்டணம் என்னைப் போன்றவனைத் தகடுகளை நோக்கித் தள்ளுகிறது. மானியம் கூடுதலாக ஒரு கைகொடுக்கிறது. ஓடத் தயாராக இருப்பவனுக்கே ஊக்கம் சேர்கிறது.

மின்வாரியம் ஏன் தயங்கும்?

இத்திட்டத்தில் குஜராத் முன்னணியில் இருக்கிறது. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், கேரளம் ஆகியவையும் வேகமாகச் செல்கின்றன. காற்றாலை மின்சாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு, வீட்டுக்கூரை சூரிய மின்சாரத்தில் பின்தங்கியிருக்கிறது. இதற்கு அதிகாரிகளின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது. வேறொரு காரணம் கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருக்கிறது.

யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய் கொடுக்கும் வீடுகள்தாம் மின்பகிர்மானக் கழகத்தின் நல்ல வாடிக்கையாளர்கள். அவர்கள் தரும் கூடுதல் பணத்தில்தான் குறைந்த கட்டண வீடுகளின் சுமையில் ஒரு பகுதி தாங்கப்படுகிறது. நான் சூரிய மின்சாரத்துக்கு மாறியபோது, இரண்டு மாதங்களுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாயைக் கழகம் இழந்தது. ஆனால், என் வீட்டுக்கு வரும் கம்பியையும் மின்மாற்றியையும் அது முன்போலவே பராமரிக்க வேண்டும். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் எனக்கு மின்சாரமும் தர வேண்டும். இப்படி வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக விலக, சுமை மிச்சமிருப்போர் தலையில் ஏறும்.

இப்போது தையல்காரப் பெண்மணியின் கூரையை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக்கு வரும் 180 யூனிட்டில் 100 யூனிட் இலவசம். எஞ்சிய 80 யூனிட்டுக்குப் பாதிக் கட்டணம். மீதியை மாநில அரசு மானியமாக மின்வாரியத்துக்கு ஈடுகட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே அதை வலியுறுத்துகிறது. 4.70 ரூபாயை முழுக்கட்டணமாகக் கொண்டால், இலவச யூனிட்டுகளுக்கு 470 ரூபாய், பாதிக் கட்டண யூனிட்டுகளுக்கு 188 ரூபாய், ஆக இரண்டு மாதங்களுக்கு 658 ரூபாய். ஆண்டுக்கு 3,948 ரூபாய். பத்தாண்டுகளுக்கு 39,480 ரூபாய்.

இந்தத் தொகையைப் பார்த்தபோது என் பேனா நின்றது. அவர் ஒரு கிலோவாட் அமைக்கக் கையிலிருந்து போட வேண்டியது 40,000 ரூபாய். அவர் பெயரில் பத்தாண்டுகளில் மாநில அரசு செலவிடப்போவதும் கிட்டத்தட்ட அதே தொகை. அரசு அந்தப் பணத்தை ஆண்டுதோறும் துளித்துளியாகச் செலவிட்டுக்கொண்டே இருக்கும்; பத்தாம் ஆண்டின் முடிவில் பதினோராம் ஆண்டுக்கும் கொடுக்க வேண்டும். அதையே முதலாக்கி ஒருமுறை அவர் கூரையில் வைத்தால், 25 ஆண்டுகளுக்கு வெயில் தன் பங்கைச் செலுத்தும். அவர் பயன்படுத்தியது போக இரண்டு மாதங்களுக்கு 60 யூனிட் கழகத்தின் கம்பிக்கும் போகும்.

என் கூரையில் தகடு ஏறினால் பொதுத்துறைக்கு வருவாய் இழப்பு. அவர் கூரையில் ஏறினால் பொதுத்துறைக்கு மானிய மிச்சம். நாம் ஊக்குவித்துக்கொண்டிருப்பதோ முன்னதை.

குளிர்நாடுகளின் பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க எரிவாயுக் கொதிகலன்களுக்கு மாற்றாக ‘ஹீட் பம்ப்’ எனும் கருவியைப் பரப்ப முயன்றுவருகிறார்கள். நம் வீட்டுக் குளிர்சாதனக் கருவி உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா? அதையே திருப்பிப்போட்டதுபோல், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி அது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரக்கூடியது. விலைதான் அதிகம். ஆகவே அரசுகள் பணம் தருகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022இல் 5,000 பவுண்டாகத் தொடங்கிய உதவித்தொகை, 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

அமெரிக்கா வரிச்சலுகை வழியைத் தேர்ந்தெடுத்தது. ஹீட் பம்ப் வாங்கினால் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர், செலுத்தும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு இதில் என்ன கிடைக்கும்? வீடுகளுக்கும் வாகனங்களுக்குமான இத்தகைய தூய ஆற்றல் வரிச்சலுகைகளைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் செவரின் போரன்ஸ்டைனும் லூக்காஸ் டேவிசும் ஆராய்ந்தனர். வருமான ஏணியின் கீழ் அறுபது சதவீதத்தினருக்குச் சேர்ந்தது மொத்தச் சலுகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு; மேல்தட்டு இருபது சதவீதத்தினர் பெற்றது ஏறத்தாழ அறுபது சதவீதம். அந்த ஹீட் பம்ப் சலுகையும் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தால் அவ்வாண்டு இறுதியோடு முடித்துவைக்கப்பட்டது.

டேவிஸ் பின்னர் செய்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் எந்த வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறது என்பதை வருமானத்தைவிட, அப்பகுதியின் தட்பவெப்பமும் மின்சாரத்தின் விலையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்று அவர் கண்டார். மின்சாரம் மலிவான இடங்களில் அந்தக் கருவி தானாகப் பரவியிருக்கிறது. அங்கே மலிவு துணை. இங்கே, மின்சாரத்தை உற்பத்தி செய்யும் தகடுகளுக்கு, மலிவு தடை. இரண்டும் உரைப்பது ஒன்றையே: ஊக்கத்தொகையைக் கட்டண அமைப்போடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

ஜெர்மனி 2024இல் ஒரு படி முன்னே சென்றது. ஹீட் பம்ப் அமைக்க எல்லோருக்கும் 30 சதவீத உதவி. பழைய கொதிகலனை விரைந்து அகற்றுவோருக்கு மேலும் 20 சதவீதம். ஆண்டு வருமானம் 40,000 யூரோவைத் தாண்டாத குடும்பங்களுக்குத் தனியாக இன்னும் 30 சதவீதம். எல்லாம் சேர்ந்து 70 சதவீதம் உச்சம். தேவையுள்ளவருக்குக் கூடுதல் என்பதைத் திட்ட விதிகளிலேயே எழுதிவைத்தார்கள்.

நம் வீட்டு அனுபவங்கள்

தமிழ்நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், கிராமப்புற ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித் தந்து, சூரிய விளக்குகளையும் அமைத்துத் தந்தது. மின்கம்பியைச் சாராமல் மின்கலத்தை நம்பிய அமைப்பு அது. மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். புதிது வாங்கும் செலவு வீட்டுக்காரருடையது. முதலீட்டுக்கு மானியம் தந்தால் போதாது, பராமரிப்புக்கும் வழி வேண்டும் என்பது அதில் கற்க வேண்டிய பாடம்.

2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை வேறொரு வழியைக் காட்டியது. வீட்டுக்கூரையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசு என ஊக்கத்தொகை. தகடு இருக்கிறதா என்று கேட்காமல், தகடு உழைக்கிறதா என்று கேட்ட திட்டம் அது. தூசு படிந்து, நிழல் விழுந்து, ஒருமுறை துடைக்கக்கூட ஆளில்லாமல் கிடக்கும் தகடுகளைப் பார்க்கும்போது அந்த யோசனையின் அருமை புரிகிறது.

இன்னொன்றையும் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த பிறகும் என் வீட்டில் மின்சாரம் இல்லை. தகடுகள் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தன. “சோலார் இருந்துமா இருட்டு?” என்று தெருவே கேட்டது. மின்கம்பியோடு இணைந்த, மின்கலம் இல்லாத அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. ‘இலவச மின்சாரம்’ என்று மட்டும் விளம்பரப்படுத்தி இதைச் சொல்லாமல் விடுவதால்தான் ஏமாற்றம் பிறக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, மாநில அரசு சிறிய வீடுகளுக்கு மட்டும் தன் பங்கைச் சேர்க்கலாம். உத்தரப் பிரதேசம் கிலோவாட்டுக்கு 15,000 ரூபாய் என 30,000 ரூபாய் வரை மத்திய மானியத்தோடு கூடுதலாகத் தருகிறது. தில்லியும் 30,000 ரூபாய் வரை சேர்த்துத் தருகிறது. ஆனால், எல்லோருக்கும் பொதுவாகத் தந்தால் அதுவும் என்னைப் போன்றவர்களிடமே வந்துசேரும். இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கிலோவாட், அவர்கள் கையிலிருந்து பணம் போடாமல், என்பதாகத் தமிழ்நாட்டின் திட்டம் அமைய வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. மாதம் 100 யூனிட் இலவசம் பெற்றுவந்த குடும்பங்களின் கூரையில் சூரியத் தகடுகளை அமைத்து, அதன் வழியே மாதம் 150 யூனிட் இலவசமாகக் கிடைக்கச் செய்யும் திட்டத்தை ராஜஸ்தான் 2025இல் தொடங்கியிருக்கிறது. இலவசத்தைப் பறிக்காமல், அதன் ஊற்றுக்கண்ணை மாற்றும் வழி இது. தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசத்தில் எவரும் கைவைக்கக் கூடாது. விரும்புவோர் மட்டும் மாறிக்கொள்ளலாம் என்பதே முறையாகும்.

இரண்டாவது, பணத்தையும் அலைச்சலையும் வீட்டுக்காரர் தலையிலிருந்து இறக்க வேண்டும். மின்பகிர்மானக் கழகமே மொத்தமாகக் கொள்முதல் செய்து, கூரைகளில் பொருத்தி, பராமரிக்கும் முறைக்கு மத்தியத் திட்டத்தின் 2024 டிசம்பர் வழிகாட்டுதல்களிலேயே இடமிருக்கிறது. ஆயிரம் வீடுகளுக்கு ஒருசேர வாங்கும்போது விலை குறையும்; பழுதானால் யாரைத் தேடுவது என்ற கவலையும் இருக்காது. சூரியக் கருவிகள்மீதான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் இதற்குச் சாதகமானது.

மூன்றாவது, தொடங்கும் இடம். குடிசைகளை மாற்றக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் புதிய வீடுகள் எழுகின்றன. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நூறு சதுர அடிக் கூரை போதும். தளம் போடும்போதே தகடு தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு இடம் விட்டுக் கட்டினால், பின்னால் துளையிட்டு ஒழுகவிட வேண்டியதில்லை. கூரையே இல்லாதவர்களுக்கும் ஓட்டு வீட்டினருக்கும் ஊராட்சிப் பள்ளி, சமுதாயக் கூடம் ஆகியவற்றின் மாடியில் பொதுவாக அமைத்து, உற்பத்தியை வீட்டு வாரியாகப் பங்கிட்டுக் கட்டணத்தில் கழிக்கலாம். தில்லியில் 2019 முதலே இத்தகைய பகிர்வு முறைக்கு விதிகள் உள்ளன.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் உண்மையும் உண்டு. ஏழை வீட்டின் மின்தேவை பெரும்பாலும் இரவில். சூரியன் தருவதோ பகலில். மாலை நேர உச்சத் தேவையை இந்தத் தகடுகள் குறைக்கப்போவதில்லை என்பது சரியே. அதற்குக் கழக அளவில் மின்கலச் சேமிப்பு வேண்டும். அடுத்து, மாநில அரசின் கடன். 40,000 ரூபாயை ஏழரை சதவீத வட்டிக்கு வாங்கி 25 ஆண்டுகளில் தீர்ப்பதானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,600 ரூபாய் ஆகும். மிச்சமாகும் மானியம் 3,948 ரூபாய். இடைவெளி குறுகியதுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற நேர்ந்தால் அது இன்னும் சுருங்கும். பொன் கொழிக்கும் முதலீடு என்று நான் சொல்லவில்லை. கையைக் கடிக்காமல் நடக்கக்கூடியது என்கிறேன். மொத்தக் கொள்முதலில் விலை குறைந்தால் இடைவெளி பெருகும். மின்கட்டணம் உயர்ந்தாலும் அப்படியே.

வசதியுள்ளோருக்குத் தரும் மானியத்தை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்பார்கள். உடனே வேண்டாம். என் வீட்டுத் தகடுகளும் நிலக்கரியைக் குறைக்கின்றன. முன்னோடிகள் வாங்குவதால்தான் தொழில் வளர்கிறது. ஆனால், கொடுக்காவிட்டாலும் செய்திருக்கக்கூடியவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், கொடுத்தால் மட்டுமே செய்யக்கூடியவரிடமிருந்து எடுக்கப்பட்ட ரூபாய் என்பதை வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை என் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன்.

சென்ற மாதம் அந்தப் பெண்மணியைத் தெருவில் சந்தித்தேன். பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலை நிறைய வந்திருப்பதாகவும் இன்னொரு மோட்டார் இயந்திரம் வாங்கப்போவதாகவும் சொன்னார். மின்பயன்பாடு 200ஐத் தாண்டிவிடும். தாண்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டணம் இரட்டிப்பு. “சார், இப்போ கணக்கு கட்டுமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மின் இணைப்பை முதலில் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதிக் கணக்கை அரசுதான் போட வேண்டும்.

*(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)*